சார்ஜாவிலிருந்து வந்த சின்னக் கம்ப்யூட்டர்

ஜூன் 5, 2025 – வியாழன்

நான் வேலை பார்க்கிற ரேஷன் கடையில் இன்று கைரேகை மெஷினுக்கு சிக்னல் கிடைக்கவில்லை. எடையாளர் மலையாண்டி அதைக் கையில் தூக்கிக்கொண்டு கடை வாசலுக்கும் புளியமரத்துக்கும் நடையாய் நடந்தார். வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேர் அவர் பின்னாலேயே போனார்கள். கடைசியில் மரத்தடியில் விரல் வைத்துவிட்டு, கடைக்குத் திரும்பி வந்து என்னிடம் அரிசி வாங்கினார்கள். சாமி ஊர்வலம் மாதிரி இருந்தது.

பிப்ரவரி வரைக்கும் இதையெல்லாம் என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுவேன். தினம் சாயந்தரம் சார்ஜாவிலிருந்து போன் வரும். கடையில் நடந்த கூத்தைக் கேட்டுச் சிரிப்பார். சிரித்து முடித்ததும் "அப்புறம்?" என்பார். கல்யாணமான காலத்தில் பாதிக்கு மேல் எனக்குப் புருஷன் என்றால் ஒரு குரல்தான். இப்போது ஆள் வீட்டில் இருக்கிறார். குரலைக் காணோம்.

இன்றைக்கும் சொல்லித்தான் பார்த்தேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டார். உதடு ஒரு பக்கம் மட்டும் அசைந்தது. அது சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை.

ஜூன் 10 – செவ்வாய்

தஞ்சாவூர் போய் வந்தோம். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற டாக்டரம்மா இன்று நிறைய நேரம் எடுத்துப் பார்த்தார். இவரிடம் ஒரு பத்திரிகையைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். படித்த விஷயத்தில் கேள்வி கேட்டார். இவர் சரியான பதில் மேல் விரல் வைத்தார், ஒன்று விடாமல்.

"ஒங்க வீட்டுக்காரருக்குப் புரியுறதுல ஒரு குறையும் இல்லம்மா. படிக்கிறாரு, எழுத்தும் உள்ள இருக்கு. நாக்குக்கும் ஒதட்டுக்கும் சேதி போறதுலதான் கோளாறு. பக்கவாதத்துல சிலருக்கு இப்படி ஆகும். மெதுவா வரும்" என்றார்.

எவ்வளவு வரும் என்று கேட்டேன். அதுவரைக்கும் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு படத்தாள் கொடுத்தார். தண்ணீர்க் குடம், சாப்பாட்டுத் தட்டு, கழிப்பறை, தூக்கம், வலி. வேண்டியதைத் தொட்டுக் காட்ட வேண்டும்.

பஸ்ஸில் வரும்போது அவர் அந்தத் தாளைப் பார்க்கவே இல்லை. வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

ஜூன் 11

படத்தாள் கட்டிலுக்கு அடியில் கசங்கிக் கிடந்தது. எடுத்து நீவி மேசையில் வைத்தேன். சாயந்தரம் திரும்பவும் கட்டிலுக்கு அடியில்.

எத்தனை மாடிக் கட்டடத்துக்கெல்லாம் ஒயர் இழுத்த மனிதர். அவருக்குக் கீழே எத்தனை பேர் வேலை பார்த்தார்கள். தண்ணி வேணும்னா குடத்துப் படத்தைத் தொடுன்னா தொடுவாரா?

நானாக இருந்தாலும் கசக்கித்தான் எறிவேன்.

ஜூன் 15 – ஞாயிறு

அவரோடு சார்ஜாவிலிருந்து வந்த அட்டைப்பெட்டியை இன்றுதான் பிரித்தேன். ஏப்ரலில் சார்ஜா ரூம்மேட் பெலிக்ஸ் தம்பி அவரை வீல்சேரில் கூட்டிக்கொண்டு வந்தபோது கட்டியபடியே இருந்தது. பிரிக்க மனசு வராமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

போர்வை, டெஸ்டர், இடுக்கி, மகள் ஹரிணிக்கு வாங்கிய ஒரு வாட்ச், சதுர ஓட்டை போட்ட அந்த ஊர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அடியில், நீலச் சட்டைக்குள் சுருட்டி, ஒரு சின்னப் பெட்டி. உள்ளே பச்சைப் பலகை ஒன்று – சீட்டுக்கட்டு அளவுதான் இருக்கும். மேலே கறுப்புக் கறுப்பாய் என்னென்னவோ. ஓரத்தில் ஒயர் சொருக வாய்கள். கூடவே ஒரு அடாப்டர், ஒரு கேபிள்.

ஏதோ ஸ்பேர் பார்ட்ஸ் என்று நினைத்தேன். போட்டோ எடுத்துப் பெலிக்ஸுக்கு அனுப்பியிருக்கிறேன்.

ஜூன் 20 – வெள்ளி

பெலிக்ஸுக்கு இன்று லீவு. போன் செய்தான். பத்து வருடமாக அவரோடு ஒரே ரூமில் இருந்த பையன், மணமேல்குடிப் பக்கம்.

"அண்ணி, அது பார்ட்ஸ் இல்ல. முழுக் கம்ப்யூட்டரு. டிவில மாட்டி, கீபோர்டு சொருகுனா போதும். அண்ணன் ஊருக்கு வந்து செட்டிலாகுறப்ப, வயல் மோட்டாரு, வீட்டு லைட்டு எல்லாத்தையும் இதுல ஓட்டணும்னு வாங்குனாரு. பிரிக்கக்கூட இல்ல. அதுக்குள்ள இப்படியாயிருச்சு."

எனக்கு ஒன்று தோன்றியது. டாக்டரம்மா சொன்னாரே, எழுத்து உள்ளே இருக்கிறது என்று. போனில் அடிக்கச் சொல்லி நான் கொடுத்துப் பார்த்துவிட்டேன். வலது கை வராது, இடது கை பழக்கமில்லை, எழுத்துகள் அரிசி மாதிரி, ஒன்றை அமுக்கினால் பக்கத்தில் இருப்பது விழுகிறது. கோபத்தில் போனைச் சுவரில் எறிந்து கண்ணாடி கீறிப்போனது. ஆனால் டிவி பெரிசு. கீபோர்டும் பெரிசு.

"தம்பி, இதை என்னால போட முடியுமா?"

"ஏன் முடியாது? அதுக்குள்ள ஒரு சிஸ்டம் ஏத்தணும் அண்ணி. சின்ன மெமரி கார்டுல எழுதி, அடியில சொருகணும். அம்புட்டுத்தான். நான் ஒவ்வொண்ணா சொல்றேன்."

ஜூன் 22 – ஞாயிறு

அவருக்குத் தெரியாமல் செய்து, திடீரென்று காட்டலாம் என்று நினைத்தேன். முட்டாள்தனம். மேசையில் பலகையை வைத்து எந்த வாயில் எது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஊன்றுகோலோடு பின்னால் வந்து நின்றிருக்கிறார். பலகையைப் பார்த்தார். முகம் அப்படியே சிவந்துவிட்டது. இடது கையால் அதைப் பிடுங்கிப் பெட்டிக்குள் போட்டு, பெட்டியைத் தூக்கி அலமாரி மேல் வைத்தார். ஒரு கையால் அவ்வளவு உயரத்துக்கு எப்படி எட்டினாரோ. பிறகு மூச்சு வாங்கக் கட்டிலில் போய் உட்கார்ந்தார்.

நானும் கத்திவிட்டேன். "எனக்காகவா செய்யிறேன்? ஒங்களுக்குத்தானே! வாய தொறந்து சொல்லுங்க, என்ன கோவம்னு!"

வாயைத் திறந்து சொல்லுங்கள். அவரிடம் போய்.

ஜூன் 23

மன்னிப்புக் கேட்டேன். கையைப் பிடித்துக்கொண்டே கேட்டேன். கையை இழுத்துக்கொள்ளவில்லை.

யோசித்துப் பார்த்தால் அது அவருடைய கனவு. பிரிக்காமல் வைத்திருந்தார். கேட்காமல் பிரித்தது யார்?

ஜூன் 25

இன்று கேட்டேன். "அந்தக் கம்ப்யூட்டரை நாம ரெண்டு பேரும் போடலாமாங்க? மோட்டாருக்கு அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல நீங்க என்கூட பேசறதுக்கு."

அலமாரி மேல் இருந்த பெட்டியைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். கீழிருந்து மேலாக. ஆமாம் என்று.

ஜூன் 29 – ஞாயிறு

ஹரிணி வந்து போனாள். திருச்சியில் நர்சிங் முதல் வருடம். ஹாஸ்டலில் இருந்து வருவதே அபூர்வம். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து காலேஜ் கதையெல்லாம் சொன்னாள். அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். வீடியோ காலிலும் இதே கதைதான். அவள் முகம் தெரிந்ததும் நகர்ந்துவிடுவார்.

அடுப்படிக்கு வந்து அழுதாள். "ஆயிரம் பேஷண்டைப் பாக்கப் போறவம்மா நான். எங்கிட்ட ஏன் மூஞ்சியத் திருப்புறாரு?"

முந்தானையால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன்.

போவதற்கு முன் அவளுடைய லேப்டாப்பில், பெலிக்ஸ் சொன்ன சிஸ்டத்தை இறக்கி மெமரி கார்டில் போட்டுக் கொடுத்தாள். நான் என் போனில் இருந்து நெட் கொடுத்தேன். முழுக்க இறங்குவதற்குள் மதியச் சாப்பாடே முடிந்துவிட்டது.

ஜூலை 1

கார்டைச் சொருகினோம். டிவியில் மாட்டினோம். பெட்டியில் இருந்த அடாப்டருக்குச் சதுரக் கம்பி, நம் ஊர் சுவரில் நுழையவில்லை. அதனால் என் போன் சார்ஜரைப் போட்டேன்.

பலகையில் சிவப்பு விளக்கு எரிந்தது. டிவியில் ஒன்றுமில்லை. 'சிக்னல் இல்லை.' அவ்வளவுதான்.

அவர் பலகைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார். சிவப்புக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன இடத்தை நகத்தால் தொட்டுக் காட்டி, விரல்களை விரித்து மூடினார். அங்கேயும் மின்ன வேண்டும் போல. மின்னவில்லை.

ஜூலை 2

பெலிக்ஸ் கேட்டான்: "ஹரிணி ஃபைலைக் காப்பி பண்ணிப் போட்டுச்சா, இல்ல எழுதுற புரோகிராம் வெச்சு எழுதுச்சா?"

ஹரிணியிடம் கேட்டேன். "காப்பி பேஸ்ட்தான்மா பண்ணேன். பாட்டு ஏத்துற மாதிரி."

அதுதான் தப்பாம். கார்டில் ஃபைல் இருந்தால் போதாது, அதைப் பிரித்துக் கார்டு முழுக்கப் பரப்பி எழுத வேண்டுமாம். அதற்கென்று தனி புரோகிராம் இருக்கிறது. பாவம், அவளுக்கு எப்படித் தெரியும். வருத்தப்பட்டாள். போகட்டும், கெட்டுப்போனது ஒன்றுமில்லை என்றேன்.

ஜூலை 5 – சனி

அறந்தாங்கி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிற ராசாத்தியைப் பார்த்தேன். அவளுக்கும் இது புதுசு. கார்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "யாருக்குக்கா இது?"

"எங்க வீட்டுக்காரருக்கு."

"அண்ணனுக்குப் பேச்சு…" என்று இழுத்தாள். ஊரெல்லாம் தெரிந்திருக்கிறது. "அதுக்குத்தான்" என்றேன்.

உடனே அவள் ஜெராக்ஸுக்கு வந்தவர்களை "சித்த இருங்க" என்று நிறுத்தி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். பெலிக்ஸ் போனில் சொல்லச் சொல்ல, எழுதுகிற புரோகிராமை இறக்கி, எந்தப் பலகை, எந்தச் சிஸ்டம், எந்தக் கார்டு என்று மூன்றையும் தேர்ந்தெடுத்தாள். கார்டில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று கேட்டது. நான் "அழிக்கச் சொல்லு" என்றேன். பச்சைக்கோடு நகர்ந்தது. எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்த்தது. முடிந்தது.

அப்படியே ஒரு கீபோர்டும் மௌஸும் வாங்கினேன். எழுத்து பெரிசாக இருக்கிற கீபோர்டாகக் கடை கடையாய்த் தேடினேன்.

ஜூலை 6 – ஞாயிறு

வந்துவிட்டது!! டிவியில் முதலில் வானவில் நிறத்தில் ஒரு சதுரம். அடுத்து கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின. கடைசியில் ஒரு படம், அதன் மேல் பட்டைகள், அம்புக்குறி. நம் டிவிதானா என்று இருந்தது.

நாடு கேட்டது, இந்தியா கொடுத்தேன். பெயர் கேட்டது, 'நிலா' என்று ஆங்கிலத்தில் கொடுத்தேன். நிலவழகன் என்று அவர் பெயரை முழுதாக அடிக்க எனக்கே பொறுமை இல்லை. அவர் என்னைப் பார்த்து ஒற்றைப் புருவத்தைத் தூக்கினார்.

பாஸ்வேர்டு போட்டு அடுத்த பக்கம் போவதற்குள், திரை மூலையில் மின்னல் மாதிரி ஒரு மஞ்சள் குறி. உடனே எல்லாம் அணைந்து, திரும்பவும் வானவில். திரும்பவும் அதே. நாலைந்து தடவை.

நான் சோர்ந்து உட்கார்ந்துவிட்டேன். அவர் சோரவில்லை. என் போன் சார்ஜரைக் காட்டினார், மின்னலைக் காட்டினார், தன் வயிற்றைத் தட்டினார்.

"பசிக்குதா? தோசை ஊத்தவா?"

தலையை வேகமாக ஆட்டினார், இல்லை என்று. சார்ஜர். வயிறு. சார்ஜர். வயிறு.

"வயிறு வலிக்குதா?"

அப்போது அவர் சிரித்தார். சத்தம் வந்தது. சின்னதாக, கரகரவென்று, ஆனால் சத்தம். நானும் சிரித்தேன். அப்புறம்தான் மண்டையில் ஏறியது. பசி அவருக்கு இல்லை. பலகைக்குப் பசி. என் சார்ஜர் கொடுக்கிற கரண்ட் அதற்குப் போதவில்லை.

ஜூலை 7 – திங்கள்

கடை விட்டு வந்ததும் அவர் மேசையைத் தயார் செய்து வைத்திருந்தார். சதுர ஓட்டை எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், இடுக்கி, ஸ்க்ரூடிரைவர், எங்கிருந்தோ கண்டுபிடித்த நம் ஊர் மூன்று கம்பி பிளக். எக்ஸ்டென்ஷன் ஒயரின் நுனியில் இருக்கிற சதுரப் பிளக்கை வெட்டிவிட்டு நம் பிளக்கை மாட்ட வேண்டும்; அப்போது சார்ஜா அடாப்டரை அந்தப் பாக்ஸில் சொருகலாம். இவ்வளவையும் அவர் இடது கையாலேயே சொல்லி முடித்தார். நானும் இந்தத் தடவை முதலிலேயே புரிந்துகொண்டேன்.

ஒயரை அவர் தொடையால் அழுத்திப் பிடித்தார். நான் வெட்டினேன். மேல்தோலை உரித்தேன். உள்ளே பிரவுன், நீலம், பச்சையும் மஞ்சளும் கலந்த ஒன்று. ஒவ்வொன்றின் நுனியையும் அவர் பல்லால் கடித்து உரித்தார். "ஐயோ பல்லு!" என்றேன். கண்ணாலேயே 'சும்மா இரு' என்றார்.

நீலத்தைக் கொண்டுபோய்ப் பெரிய கம்பியில் வைத்தேன். கையில் ஒரு தட்டு. எர்த்துக்கு உள்ள இடமாம் அது. பச்சையை எடுத்து அங்கே வைத்தார். நான் ஸ்க்ரூவைத் திருகினேன். இன்னும், இன்னும் என்று விரலைச் சுழற்றினார். ஒயரை இழுத்துப் பார்த்தார், வரவில்லை. மூடியை மூடினோம். சுவரில் சொருகியதும் டெஸ்டரை எடுத்து அவரே ஒவ்வொரு ஓட்டையாகப் பார்த்தார். கடைசி வரைக்கும் அவசரப்படவில்லை.

அவர் வேலை செய்து நான் பார்த்ததே இல்லை. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இன்றுதான் முதல் தடவை. லீவில் வரும்போது விருந்தாளி மாதிரி வருவார், போவார். வேலை செய்கிற நிலவழகனை இன்றுதான் பார்த்தேன். அவருக்கு வலது கை நான்.

அடாப்டரைச் சொருகினோம். சிவப்பு விளக்கு. பக்கத்தில் பச்சை மின்னியது. வானவில். திரை வந்தது. மின்னல் வரவில்லை. நின்றது, அப்படியே நின்றது.

ஜூலை 9

டிவியில் ஓரம் வெட்டுப்பட்டுத் தெரிந்ததை, டிவி ரிமோட்டிலேயே அவர் தேடிச் சரிசெய்துவிட்டார்.

ஜூலை 13 – ஞாயிறு

தமிழ் வரவில்லை. தமிழ்ப் பக்கம் திறந்தால் வெறும் கட்டங்கள், ஜன்னல் ஜன்னலாக. பெலிக்ஸ் வாட்ஸப்பில் நாலு வரி அனுப்பினான். கறுப்பாய் ஒரு கட்டம் திறந்து அதை அப்படியே அடித்து என்டர் தட்ட வேண்டும். ஒரு புள்ளி விடக்கூடாது. நான் அடித்தேன், அவர் போனைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து சரிபார்த்தார். ஒரு இடத்தில் நான் இடைவெளி விட மறந்ததும் மேசையைத் தட்டினார்.

முதல் இரண்டு வரியில் எழுத்துருக்கள் வந்து இறங்கின. கட்டங்கள் போய் தமிழ் வந்தது. அடுத்த இரண்டு வரி தமிழில் அடிப்பதற்கு. ஆங்கில எழுத்தில் ஒலிப்படி அடித்தால் தமிழாக மாறுகிறது.

இரண்டு பட்டனை ஒரே நேரத்தில் அமுக்க அவரால் ஆகாதே என்று நான் கவலைப்பட்டேன். அதற்கும் வழி இருக்கிறது. முதல் பட்டனை அமுக்கிவிட்டுவிட்டால் அடுத்தது வரைக்கும் அது காத்திருக்கும். ஒற்றைக் கைக்காரர்களை நினைத்து யாரோ செய்திருக்கிறார்கள். யாரோ, எங்கேயோ. நல்லா இருக்கட்டும்.

ஜூலை 14 – திங்கள்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத முடியுமா என்று தெரியவில்லை.

கடையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்து மேசையைத் தட்டும் சத்தம். ஓடினேன். விழுந்துவிட்டாரோ என்று. உட்கார்ந்துதான் இருந்தார். டிவியைக் காட்டினார்.

பெரிய எழுத்தில்:

உப்பு போடு

படித்தேன். திரும்பப் படித்தேன். அடுத்து அவர் கீபோர்டுப் பக்கம் குனிந்து, ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். நான் பின்னால் நின்றேன். உட்காரத் தோன்றவில்லை.

மூணு மாசமா எதிலயும் உப்பு இல்ல

"டாக்டரு… டாக்டர்தாங்க கொறைக்கச் சொன்னாரு. பிரஷர்…"

தெரியும்

இருந்தாலும்

நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். சிரிச்சேனா அழுதேனா, ரெண்டும்தான். ஏங்க, மொதமொதல்ல பேசறது இதானா? மூணு மாசமா வாய்க்குள்ள வெச்சிருந்தது இதையா? வாய்விட்டே கேட்டுவிட்டேன். அவர் மறுபடி குனிந்தார். வெகுநேரம் எடுத்தது. நடுவில் தப்பாகி அழித்தார்.

அந்த மெஷின் மரத்தடி கதை. அன்னைக்கு நான் சிரிச்சேன். ஒனக்குத் தெரியல

கொஞ்சம் விட்டு, இன்னொன்று.

அப்புறம்?

ஜூலை 15

குழம்பில் ஒரு துளி உப்பு கூடப் போட்டேன். ஒரு துளிதான். கண்டுபிடித்துவிட்டார்.

ஜூலை 20 – ஞாயிறு

பெலிக்ஸ் இன்னொரு வரி அனுப்பினான். அதைப் போட்டால் அடித்ததைக் கம்ப்யூட்டரே வாய்விட்டுப் படிக்குமாம். ஆசையாகப் போட்டேன். படித்தது. மூக்கடைத்தவன் தகரத்துக்குள் உட்கார்ந்து பேசுகிற மாதிரி ஒரு குரல், "பொற். கொடி. தண். ணீர்" என்று என் பெயரைக்கூட உடைத்துச் சொன்னது.

அவர் கையை வீசினார். நிறுத்து என்று.

இது நான் இல்ல என்று அடித்தார். நீ படி. அது போதும்

அதனால் அவர் அடிப்பதை நான் படிக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தால் உரக்க. நாங்கள் மட்டும் இருந்தால் மனசுக்குள்.

ஜூலை 22

இன்று சண்டை. ஆடு மேய்ச்சலுக்கு விட்ட கொல்லையை யாருக்குக் குத்தகைக்கு விடுவது என்று ஆரம்பித்து எங்கேயோ போய்விட்டது. நான் வேகமாகப் பேசுகிறேன், அவர் மெதுவாக அடிக்கிறார். நான் நாலு பேச்சு பேசி முடிப்பதற்குள் அவருடைய முதல் பதில் பாதிதான் வந்திருக்கும்.

இரு. நான் முடிக்கல என்று அடித்தார்.

காத்திருந்தேன். காத்திருக்கிற நேரத்தில் என் கோபம் பாதி வடிந்துவிட்டது. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதை இங்கே மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

ஜூலை 27 – ஞாயிறு

அவர் போனில் இருக்கிற வாட்ஸப்பை டிவியிலேயே திறக்கலாம் என்று ராசாத்தி சொன்னாள். கீறிய போனை டிவிக்கு நேரே காட்டினேன். திறந்துவிட்டது. அவருடைய ஆட்கள் எல்லாம் வரிசையாக வந்தார்கள். மேலே ஹரிணி. பிப்ரவரிக்குப் பிறகு அவள் அனுப்பியதெல்லாம் பதில் இல்லாமல் கிடந்தது.

அவர் அதை எல்லாவற்றையும் படித்தார். கீழிருந்து மேலே, பின் மேலிருந்து கீழே. நான் காய் நறுக்குவது போல உட்கார்ந்திருந்தேன்.

சாப்பிட்டியா என்று அனுப்பினார்.

அடுத்த நிமிடம் என் போன் அடித்தது. "அம்மா, நீ அப்பா போன்ல அடிக்கிறியா? வெளையாடாதம்மா!"

"நான் வெண்டைக்கா நறுக்குறேன்டி."

நம்பவில்லை. அவருக்கே ஒரு கேள்வி அனுப்பினாள். போன லீவில் கேரம் விளையாட்டில் யார் ஜெயித்தது என்று.

நான். நீ காயை மடியில ஒளிச்ச

போனில் அவள் ஓவென்று அழுகிற சத்தம் எனக்குக் கேட்டது. ஹாஸ்டல் பிள்ளைகள் என்னவோ ஏதோவென்று ஓடி வந்திருக்கிறார்கள். அப்புறம் அவர்களுக்குள் என்னென்னவோ போயிற்று. நான் எல்லாவற்றையும் பார்க்கவில்லை. இதை மட்டும் பார்த்தேன்.

அப்பா ஏன்ப்பா என்னைப் பாக்க மாட்டேங்குறீங்க

ஒன்கிட்ட என் பழைய குரல் இருக்கு. அது அப்படியே இருக்கட்டும்னு நெனச்சேன்

பிறகு ஹரிணி அனுப்பினாள்: அது வாய்ஸ் மெசேஜா போன்ல இருக்குப்பா. எனக்கு நீங்க வேணும். வீடியோல வாங்க, நான் பேசுறேன், நீங்க அடிங்க

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சீப்பு எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன். தலை வாரிக்கொண்டார்.

ஆகஸ்ட் 3 – ஆடிப் பெருக்கு

தெருக்கோடியில் புதுவீடு கட்டுகிற சின்னப்பிள்ளை அக்கா சித்திரான்னம் கொண்டு வந்தார். வந்தவர் உட்கார்ந்து ஒயரிங்காரரைப் பற்றி ஒரு பாட்டம் புலம்பினார். மோட்டாருக்கும் வீட்டுக்கும் ஒரே லைனில் போடுகிறேன் என்கிறாராம். நல்லதா கெட்டதா என்று தெரியவில்லையாம்.

இவர் மேசைப் பக்கம் நகர்ந்தார். மெயின் பாக்ஸ் எங்க வருது? மோட்டார் எத்தனை எச்பி? நான் படித்தேன்.

அக்கா டிவியைப் பார்த்து, அதற்குக் காது கேட்காத மாதிரி, உரக்கக் கத்தினார்: "அங்கிட்டு! மாட்டுக் கொட்டாப் பக்கம் தம்பி!"

அவருக்குச் சிரிப்பு. எனக்கும். ஏன் என்று தெரியாமல் அக்காவும் சிரித்தார். கடைசியில் ஒரு பக்கம் முழுக்க அடித்தார், எது எதற்குத் தனி லைன், எர்த் எங்கே இறங்க வேண்டும் என்று. நான் அதைப் பார்த்துத் தாளில் எழுதிக் கொடுத்தேன். அக்கா மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு போனார்.

ஆகஸ்ட் 12 – செவ்வாய்

தஞ்சாவூர். அவர் வீட்டில் அடிப்பதையெல்லாம் போனில் படமெடுத்துக் கொண்டுபோய்க் காட்டினேன். டாக்டரம்மா சத்தம் போட்டுப் படித்தார். உப்பு விஷயத்துக்கு மட்டும் திட்டு விழுந்தது, எனக்கு.

"இதுல பழகிட்டா பேச முயற்சி பண்ண மாட்டாருன்னு பயப்படாதீங்க. பதட்டம் போனாத்தான் நாக்கு இளகும்" என்றார். கண்ணாடி முன்னால் உட்கார வைத்தார். என் பெயரின் கடைசிப் பாதியை, 'கொடி'யை, எடுத்துக்கொண்டார். இவர் முக்கி முனகி, "கொ… கொ…" என்றார். கோழி மாதிரி இருந்தது. அவருக்கே அது தோன்றியிருக்க வேண்டும். கண்ணாடியில் தன்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார். டாக்டரம்மாவும் சிரித்தார். ஆனால் வந்ததே. 'கொ' வந்ததே.

ஆகஸ்ட் 13

காலையில் பல் விளக்கும்போது, "கொ."

ஆகஸ்ட் 16

பெலிக்ஸ் வீடியோவில் வந்தான். நான் நன்றி சொன்னேன். "அண்ணே, என்னத் திட்டி ஒரு வரி அடிங்க, கேட்டு ரொம்ப நாளாச்சு" என்றான். இவர் அடித்ததை நான் இங்கே எழுத மாட்டேன். பெலிக்ஸ் விழுந்து விழுந்து சிரித்தான்.

ஆகஸ்ட் 20 – புதன்

கடையில் இன்று கூட்டம். தாமதமாகத்தான் வீட்டுக்கு வந்தேன். கதவு சாத்தியிருந்தது, தாழ்ப்பாள் போடவில்லை. கட்டில் காலி. கழிப்பறையில் இல்லை. கொல்லையில் இல்லை. ஏங்க, ஏங்க என்று கூப்பிட்டுக்கொண்டே உள்ளே வந்தால் டிவி எரிந்துகொண்டிருக்கிறது. திரை முழுக்கப் பெரிய எழுத்து.

சின்னப்பிள்ளை வீட்டுக்குப் போறேன். எர்த் குழி சின்னதா வெட்டுறானாம். நேர்ல பாத்தாத்தான் சரி. கம்பு எடுத்துக்கிட்டேன். தேடி வராத. டீ போட்டு வை

வாசல் வரைக்கும் ஓடினேன். தெருக்கோடியில் மணல் குவியலுக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று பேர் குழியைச் சுற்றி நின்றிருந்தார்கள். நடுவில் அவர். கம்பால் தரையில் கோடு போட்டு ஏதோ காட்டிக்கொண்டிருந்தார். நின்றவர்கள் குனிந்து பார்த்தார்கள்.

அவர் இந்தப் பக்கம் திரும்பவில்லை. நானும் கூப்பிடவில்லை. உள்ளே வந்து பாலை அடுப்பில் வைத்தேன்.